போதும்னா கையைத் தூக்குங்க

அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகள், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு மனிதர் வேர்த்து விறுவிறுத்து ஓடுவதைப் பார்த்துவிடுவார்கள். முதல் வாரத்து முதல் செய்முறை வகுப்பே அதுதான். ஓடுகிறவர் ஆய்வக உதவியாளர். வயது ஐம்பத்தாறு. கருவிகளுக்கு எண்ணெய் போடுவது, பேட்டரி மாற்றுவது, இதயத் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டைகளை அலசிக் காயப்போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. துறைத்தலைவரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் 'லேப் அண்ணா'.

அவர் ஓட ஆரம்பித்தது தற்செயலாக நடந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், ஓடுவதாகச் சொல்லியிருந்த மாணவன் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டான். பேராசிரியை அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றவரிடம் லேப் அண்ணா, தினமும் துடைக்கிற மிஷினில் ஒரு நாளாவது ஏறிப் பார்க்க வேண்டாமா என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். யாரோ ஒரு பையனின் ஷூ அவருக்குச் சரியாக இருந்தது. அன்று பிடித்த பழக்கம், அடுத்த வருஷமும் அவரே ஓடினார், அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழக மருத்துவர் அவரைச் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை ட்ரெட்மில்லின் வேகமும் ஏற்றமும் கூடும். மனிதர் இனிமேல் முடியாது என்கிற வரை தாக்குப்பிடிக்க வேண்டும். தாக்குப்பிடித்த நேரத்தை வைத்து, அவர் உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று ஒரு கணக்குப் போடலாம். பேராசிரியை பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "போதும்னு தோணும்போது கையைத் தூக்குங்கண்ணா, நிறுத்திடறேன்."

அவரும் கையைத் தூக்குவார். முதல் வருஷம் பதிமூன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த நாலு வருஷமும் ஏறக்குறைய அங்கேயேதான். ஆறாவது வருஷம் திடீரென்று பதினொன்றரைக்கு இறங்கியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. உச்சத்தில் அவருடைய இதயத் துடிப்பு அவர் வயதுக்குக் குறைவாகத்தான் இருக்கும். இயல்பிலேயே நிதானமான இதயம் என்று பேராசிரியை குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்.

அந்த ஆறாவது வருஷத்தில்தான் லேப் அண்ணாவின் மனைவி இறந்துபோனார்.

மூன்று வருஷமாகப் பேராசிரியை இன்னொரு பாடமும் நடத்தி வந்தார். அறிவியலைப் பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதும் பேசுவதும் எப்படி என்கிற பாடம். ஊருக்கு உபதேசம் மட்டும் போதாது, தானும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று போன வருஷம் ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் கட்டுரை எழுதினார். ஒரு மனிதர் பத்து வருஷம் ஓடிய கதை. வயதானால் உடம்பு எப்படி இறங்குகிறது என்பதை அந்தப் பத்துப் புள்ளிகளை வைத்தே விளக்கியிருந்தார். நடுவில் ஒரு வரி: "ஆறாவது ஆண்டில் அவர் மனைவியை இழந்தார், அந்த ஆண்டு அவருடைய மூச்சும் இரண்டு நிமிடங்களை இழந்தது." அந்த வரிக்காகவே முன்பின் தெரியாதவர்களெல்லாம் கடிதம் எழுதினார்கள். துறைத்தலைவர் கட்டுரையைச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார். எழுதுவதற்கு முன் பேராசிரியை லேப் அண்ணாவிடம் அனுமதி கேட்டிருந்தார். எழுதிக்கோங்க மேடம் என்று அவர் சொல்லிவிட்டார். எழுதியது சரியா என்று மட்டும் கேட்கவில்லை.

இந்த வருஷம் துறைக்குப் புது இயந்திரம் வந்தது. முகமூடியைப் போட்டுக்கொண்டு ஓடினால், உள்ளே போகிற ஆக்சிஜனையும் வெளியே வருகிற கரியமில வாயுவையும் மூச்சுக்கு மூச்சு அளந்து திரையில் காட்டும். இதுவரை நேரத்தை வைத்து மதிப்பிட்டதை இனி நேராக அளக்கலாம். பேராசிரியைக்கு ஒரே உற்சாகம். எழுபத்தொரு பிள்ளைகளுக்கும் வருகைப்பதிவு எடுத்து முடித்து, திரையில் எதைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். மனிதர் தன் எல்லையைத் தொடும்போது கரியமில வாயு ஆக்சிஜனை முந்திவிடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றைத் தாண்டி ஒன்று புள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில் போகும். அப்போதுதான் ஆள் உண்மையிலேயே களைத்துவிட்டார் என்று அர்த்தம்.

லேப் அண்ணா ஓடினார். பத்து நிமிஷம் இருபது விநாடியில் கையைத் தூக்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் ஒரு மாணவி. சேர்ந்த இரண்டே நாளில் வகுப்பில் எல்லோரும் அவளைச் 'சந்தேகம்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், அவளும் அந்தப் பேருக்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அவள் எழுந்தாள்.

"மேடம், விகிதம் ஒண்ணைத் தொடவே இல்லையே. புள்ளி தொண்ணூத்தாறுலயே நின்னுடுச்சு. அண்ணாவுக்கு இன்னும் தம் இருக்கே?"

பேராசிரியை திரையைப் பார்த்தார். புள்ளி தொண்ணூற்றாறு. இதயத் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. இயந்திரம் புதுசு, ஒருவேளை சரியாக அமைக்கவில்லையோ என்று பிள்ளைகளிடம் சமாளித்துவிட்டு வகுப்பை முடித்தார். ஆனால் காலையில் அதை அமைத்தது அவர்தான், இரண்டு தடவை சரிபார்த்ததும் அவர்தான்.

பிள்ளைகள் போன பிறகு, ட்ரெட்மில்லைத் துடைத்துக்கொண்டிருந்த லேப் அண்ணாவிடம் போய், இன்றைக்கு ஏன் அப்போது கையைத் தூக்கினீர்கள் என்று கேட்டார்.

"மணி பத்து நாப்பது ஆயிடுச்சே மேடம்."

பேராசிரியைக்கு விளங்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பதினோரு மணிக்கு பிசியோதெரபி பசங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள இதைத் துடைக்கணும், முகமூடியை அலசணும், நீங்க போர்டுல கணக்கை முடிக்கணும். அதையெல்லாம் பார்த்துத்தான் தூக்கினேன்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே கடிகாரத்தைப் பார்த்துத்தான்."

"மூச்சு வாங்கறதுக்காக இல்லையா?"

"வாங்கும். ஆனா இன்னும் கொஞ்சம் ஓடலாம்." துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தார். "நீங்கதானே மேடம், போதும்னு தோணும்போது கையைத் தூக்கச் சொன்னீங்க. வகுப்புக்குப் போதும்னு நான் எடுத்துக்கிட்டேன்."

பேராசிரியை பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெல்ல ஆறாவது வருஷத்தைப் பற்றிக் கேட்டார். லேப் அண்ணா யோசிக்கவே இல்லை. அந்த வருஷம்தான் கால அட்டவணை மாறியது, அதுவரை பன்னிரண்டு மணி வரைக்கும் லேப் காலியாகத்தான் கிடக்கும், உங்கள் போர்டு கணக்குக்கு மட்டும் நேரம் விட்டால் போதும் என்றார்.

"கட்டுரை வந்தப்பவே ஏன் சொல்லலைண்ணா?"

துணியை வாளியில் போட்டுவிட்டுத்தான் அவர் அதற்குப் பதில் சொன்னார்.

"பொண்ணு வாசிச்சுக் காட்டினா. கேட்டுட்டு ரெண்டு பேரும் அழுதோம். நீங்க படிச்சவங்க. எனக்கே தெரியாம என் உடம்பு அப்படி இருந்திருக்குமோன்னு நெனச்சுக்கிட்டேன்."

அன்று மதியம் பேராசிரியை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய வருகைப்பதிவேடுகளை எடுத்தார். முதல் வருஷம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். இந்த வருஷம் எழுபத்தொன்று. வருஷா வருஷம் ஆள் கூடக்கூட, பெயர் கூப்பிடுகிற நேரம் நீண்டிருக்கிறது. ஓட்டம் தொடங்குவது தள்ளிப்போயிருக்கிறது. ஒரு தாளில் ஆறாவது வருஷத்திலிருந்து மாணவர் எண்ணிக்கையையும் ஓடிய நேரத்தையும் வைத்துப் புள்ளி போட்டார். நூல் பிடித்த மாதிரி வந்தது. தன் ஆய்வு வாழ்க்கையில் இவ்வளவு அழகான கோடு அவருக்கு வந்ததே இல்லை. ஒரு மனிதனின் முதுமை என்று உலகத்துக்கு அவர் எழுதிக் காட்டியது, வருகைப்பதிவில் தானே பெயர் கூப்பிட எடுத்துக்கொண்ட நேரம்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. 

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் பல் மருத்துவர். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே முழுசாகக் கேட்டார். தன்னிடம் வருகிறவர்களிடம் வலித்தால் கையைத் தூக்குங்கள் என்றுதான் தானும் சொல்வதாகவும், பாதிப் பேர் ஊசியைப் பார்த்ததுமே தூக்கிவிடுவார்கள் என்றும், மீதிப் பேர் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று கண்ணில் தண்ணீர் வந்தாலும் தூக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நடுநடுவுல நிறுத்திக் கேப்பேன். வேற வழி?"

அந்தப் பதில் பேராசிரியைக்கு ஆறுதலாக இல்லை. பதினோரு வருஷத்தில் தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் துறைத்தலைவரைப் பார்த்து, கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்றார். தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்புமோ என்று எப்போதும் ஒரு பயம். போன வருஷத்துக் கட்டுரை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது, பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடலாமே என்றார். நடைபாதையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே என்று பேராசிரியை சொன்னார். வேண்டுமானால் கழற்றிவிடலாம் என்றார் தலைவர். நாளிதழின் ஆசிரியரும் தொலைபேசியில், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்றுதான் சொன்னார். ஆனாலும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார்.

பேராசிரியை திருத்தத்தை எழுதினார். அனுப்புவதற்கு முன், அறிவியல் எழுத்து வகுப்பில் பெயர் போடாமல் ஒரு பயிற்சியாக அதைப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டார். "மேற்படி சோதனையில் பங்கேற்பாளரின் உச்ச முயற்சி உறுதிப்படுத்தப்படவில்லை என்பது பின்னர் அறியப்பட்டது. எனவே முன்னர் வெளியிடப்பட்ட முடிவுகள் மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகின்றன." இப்படியே மூன்று பத்தி.  கடைசியில், அந்த வகுப்பிலும் இருந்த சந்தேகம்தான் எழுந்தாள்.

"மேடம், இதுல தப்பு நடந்திருக்குன்னு புரியுது. யார் பண்ணினாங்கன்னுதான் தெரியலை. எல்லாமே தானா நடந்த மாதிரி இருக்கு."

பேராசிரியைக்கு முகம் சூடானது. மூன்று வருஷமாக 'யார் செய்தார்கள் என்று சொல்லுங்கள்' என்று பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டிருப்பவர் அவர். தாளைக் கீழே வைத்தார். இதை எழுதியது நான்தான் என்றார். முழுக் கதையையும் சொன்னார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், வருகைப்பதிவு விஷயம் வந்தபோது வாய்விட்டே சிரித்தார்கள். மனைவியைப் பற்றிய வரிக்கு வந்ததும் அடங்கிவிட்டார்கள்.

அதன்பின் வேலை வகுப்பின் கைக்கு வந்தது. லேப் அண்ணாவை இன்னொரு முறை, சரியாக, ஓடவைப்பது என்று முடிவாயிற்று. அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மாணவர்கள் எழுதி, அவரிடமே காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டார்கள். முதல் தாளில் 'அதிகபட்ச முயற்சி' என்று இருந்தது. யாரோட அதிகபட்சம் என்று கேட்டார் லேப் அண்ணா. இரண்டாவது தாளில் 'முடியாதபோது' என்று இருந்தது. மூச்சு வாங்கினால் முடியாததா, கால் வலித்தால் முடியாததா என்று கேட்டார். மூன்றாவது தாளைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கட்டுரையைப் பற்றி அவரிடம் பேசுவதுதான் பேராசிரியைக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவியைப் பற்றிய வரி தவறு என்று எழுத வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். மகள் அந்தக் கட்டுரையை லேமினேட் செய்து அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், முதலில் அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். இரண்டு நாள் கழித்து, சொல்லிவிட்டதாக வந்து சொன்னார்.

"என்ன சொன்னாங்க?"

"அப்ப அம்மா போனப்போ நீங்க தளரவே இல்லையாப்பான்னு கேட்டா." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "தளர்ந்தேம்மா, அது ஓட்டத்துல தெரியலைன்னேன்.  அப்புறம் சரிப்பா, மேடத்தை எழுதச் சொல்லுங்கன்னுட்டா."

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் வேறு வகுப்பு கிடையாது. மருத்துவர் வந்து இரத்த அழுத்தம் பார்த்தார். ஏழெட்டு மாணவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். சந்தேகம் தாளை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அண்ணா, இன்னிக்கு இந்த ரூமுக்கு யாரும் வரப்போறதில்லை. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. மூச்சு வாங்கும், கால் வலிக்கும், அது சகஜம். இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாதுங்கிற வரைக்கும் ஓடுங்க. நெஞ்சு வலி, தலைசுத்தல் மாதிரி ஏதாவது இருந்தா மட்டும் உடனே நிறுத்திடுங்க."

அவர் ஓடினார். பத்து நிமிஷம் தாண்டியது. பதினோராவது நிமிஷத்தில் விகிதம் ஒன்றைத் தொட்டது. இதுவரை அவர் முகத்தில் பேராசிரியை பார்த்திராத ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. நடுநடுவே பேராசிரியை, இன்னும் ஓடலாமா என்று கேட்டார். அவர் கட்டைவிரலைக் காட்டினார். பன்னிரண்டரையில் கால்கள் தடதடவென்று விழ ஆரம்பித்தன. பதிமூன்று நிமிஷம் பத்து விநாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விகிதம் ஒன்று புள்ளி ஒன்று இரண்டு. இதயத் துடிப்பு நூற்று அறுபத்தெட்டு. நிதானமான இதயம் எல்லாம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இருக்கிற இதயம்தான்.

மூச்சு திரும்பியதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, திரையில் இருந்த எண்ணைக் காட்டி, "இது நல்ல நம்பரா மேடம்?" என்று கேட்டார்.

பேராசிரியைக்குச் சுரீரென்றது. பதினோரு வருஷமாக இவருடைய எண்ணைப் போர்டில் எழுதி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறார். இவருக்கு ஒரு தடவைகூட விளக்கியதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். உங்கள் வயதில் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் எழுபத்தைந்து பேர் உங்களுக்குப் பின்னால் நிற்பார்கள் என்றார். பழைய ஓட்டங்கள் கணக்கில் வராது, அதனால் இந்தப் பதினோரு வருஷத்தில் எவ்வளவு இறங்கினீர்கள் என்று தெரியாது. அதை இனி கண்டுபிடிக்கவும் முடியாது, தப்பு என்னுடையது என்றார். பிறகு தினமும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

மனைவி போன பிறகு சாயங்காலம் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் மூன்று நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடப்பதாகச் சொன்னார் லேப் அண்ணா. ஐந்து வருஷமாக ஒரு நாள் விட்டதில்லையாம்.

"நல்லதுண்ணா. அதை விட்டுடாதீங்க."

"மலை ஏறலாமா?"

"எந்த மலை?"

மகளின் அலுவலகத்தில் வருஷம் ஒரு முறை மலையேறப் போவார்கள், குடும்பத்தையும் கூட்டிவரலாம். போன வருஷம் அவள் கூப்பிட்டபோது அவர் மாட்டேன் என்றுவிட்டாராம். "பேப்பர்லயே போட்டிருந்துச்சே மேடம், நான் இறங்கிக்கிட்டே வர்றேன்னு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

பேராசிரியை மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் ஓடும்போது எடுத்த இதய வரைபடத்தை மறுபடியும் ஒரு முறை புரட்டிவிட்டு, தாராளமாக ஏறலாம், இறங்கும்போதுதான் முழங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பேராசிரியை அன்று மாலையே கட்டுரையைப் புதிதாக எழுதினார். இந்த முறை முதல் வாக்கியம் "நான் தவறு செய்தேன்" என்று இருந்தது. நாளிதழ் ஆசிரியர் ஒரு ஓரத்தில் போடுவதாக இருந்தவர், படித்துவிட்டு முழுப் பக்கமே கொடுத்தார். போன தடவை வந்த அளவுக்குக் கடிதங்கள் வரவில்லை. வந்த நான்கில் ஒன்று ஒரு பெண்மணி எழுதியது. கணவர் இறந்தபின் முந்தைய கட்டுரையைத்தான் திரும்பத் திரும்பப் படித்ததாகவும், இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டீர்களே என்றும் எழுதியிருந்தார். பேராசிரியை அதற்கு மூன்று நாள் யோசித்துப் பதில் எழுதினார். துக்கம் உடம்பைத் தளர்த்தாது என்று தான் சொல்லவில்லை, தளர்த்தலாம், அதைத் தான் அளக்கவில்லை, அளந்ததாகச் சொன்னதுதான் பிழை என்று எழுதினார். அந்தப் பெண்மணியிடமிருந்து பதில் வரவில்லை.

துறைத்தலைவர் நடைபாதையில் இருந்த சட்டத்தைக் கழற்றவில்லை. பக்கத்திலேயே இரண்டாவது ஒன்றை மாட்ட ஆணி மட்டும் அடித்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் லேப் அண்ணா மகளோடு மலைக்குப் போய்வந்தார். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வந்து, குதிகாலில் கொப்புளம் என்று இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஏறும்போது மகள்தான் நாலு இடத்தில் உட்கார்ந்தாள் என்று, கேட்காமலேயே சொன்னார். பேராசிரியை விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த நாலு இடத்தையும் பற்றி விவரமாகக் கேட்க ஆரம்பித்தார்.